சேலைக்கு மேல் போட்ட ஊசி

ஜக்கம்மாவுக்கு அந்த ஐப்பசியில் காய்ச்சல் விடாமல் அடித்தது. இரண்டாவது பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, இருமும்போது விலா எலும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம். கெங்குவார்பட்டியில் அப்போது டாக்டர் கிடையாது. பெரியகுளத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் அவள் வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் புருஷன் வீரணனின் அண்ணன் கர்ணன்தான் ஊருக்கே வைத்தியர்.

கர்ணன் படித்து வந்தவர் அல்ல. பெரியகுளத்தில் ஒரு டாக்டரிடம் பல வருஷம் கம்பவுண்டராக இருந்தார். அந்த டாக்டர் காலமானதும் ஊருக்குத் திரும்பி, வீட்டின் முன்னறையில் ஒரு மேஜையும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்துக்கொண்டார். மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள்; மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. காலரா வந்த வருஷம் ஊரைவிட்டுப் போகாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார். மஞ்சளாற்றுப் பக்கமிருந்தும் மலையடிவாரத்துத் தோப்புகளிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு அவரிடம் வருவார்கள். நல்ல மனிதர். அதில் ஜக்கம்மாவுக்கு அன்றும் சந்தேகம் இல்லை, பிறகும் இருக்கவில்லை.

புருஷனுக்கு அண்ணன் என்றால் தம்பி மனைவி அவர் எதிரே நிற்கக் கூடாது. அவர் முற்றத்தில் இருந்தால் அவள் கொல்லை வழியாகப் போவாள். ஒரே வீட்டில் ஏழு வருஷமாக இருந்தும் அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. அவரும் அப்படித்தான். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காற்றைப் பார்த்துச் சொல்வார். மாமியார் சங்கிலியம்மாள் அதை வாங்கி அவளிடம் சொல்வாள்.

ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில் கர்ணன் ஊசியைக் கொதிக்க வைத்தார். "இந்த மருந்து கெட்டி. கையில போட்டா தாங்காது. இடுப்புலதான் போடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இடுப்பு என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு ஊரில் இருந்த வார்த்தைகள் எல்லாம் சண்டையில் திட்டுகிற வார்த்தைகள். மரியாதையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் இடுப்பு என்றே எல்லோரும் சொன்னார்கள்.

பெண்களுக்குச் சேலைக்கு மேலேயே குத்துவது அவர் வழக்கம். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பெண்கள் கூச்சப்பட்டதால் வந்தது. மற்ற பெண்களுக்காவது கண்ணால் பார்த்துக் குத்துவார். இவள் தம்பி மனைவி. ஜக்கம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். மாமியார் பக்கத்தில் நின்றாள். கர்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையால் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்காமல், குத்துமதிப்பாகக் குத்தினார்.

ஊசி குத்துகிற வலி ஜக்கம்மாவுக்குத் தெரியும். இது அது அல்ல. தொடையின் பின்னால் நெருப்பு வைத்த நூல் ஒன்று ஓடியது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்பக்கம் வரைக்கும் போய்க் கட்டைவிரலில் முட்டியது. "ஆத்தா!" என்று கத்திவிட்டாள்.

"ஊசின்னா வலிக்கத்தான் செய்யும். ஆடாத" என்றாள் மாமியார்.

கர்ணனின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மிச்ச மருந்தையும் உள்ளே தள்ளினார்.

மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்தாள். இரண்டு அடி வைத்ததும் இடது கால் செருப்பு பின்னாலேயே கிடந்தது. கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. காலைத் தூக்கினால் முழங்கால் வந்தது, பாதம் வரவில்லை. நனைந்த துணி மாதிரித் தொங்கியது. கட்டைவிரல் மண்ணில் கோடு இழுத்தது. அவள் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்து, ஏறு என்று மனசுக்குள் சொன்னாள். ஏறவில்லை.

கர்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து ஒரு சாவியால் அவள் பாதத்தின் மேல்பக்கத்தைக் கீறிப் பார்த்தார். "தெரியுதான்னு கேளுங்க" என்றார் அம்மாவிடம். தெரியவில்லை என்றாள் ஜக்கம்மா. அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக, முகம் நிமிராமல் கண்ணை மட்டும் தூக்கி, அவரைப் பார்த்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது.

"மருந்துச் சூடு. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. தொழுவத்துப் பக்கம் அம்மாவும் இரண்டு மகன்களும் பேசியது படுத்திருந்த ஜக்கம்மாவுக்குக் கேட்டது. கர்ணனின் குரல் கேட்கவே இல்லை. மாமியார்தான் பேசினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மருமகள் தலையைத் தடவினாள்.

"ஏத்தா, கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. கேக்குறவுக எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லணும். அவன் கைய நம்பி நாலு ஊரு இருக்கு. ஒரு தடவ கை தப்புச்சுன்னு பேச்சு வந்துச்சுன்னா யாரு வருவாக?"

"நான் விழலையே அத்த."

"விழல. எனக்குத் தெரியாதா? ஆனா சொல்லு."

சாயங்காலம் புருஷன் வந்து நின்றான். வீரணனுக்கு ஐந்து வயதில் அப்பா இறந்துபோனார். அண்ணன்தான் தோளில் தூக்கி வளர்த்தார், நிலத்தைப் பிரிக்காமல் காத்தார், பெண் பார்த்துக் கட்டி வைத்தார். "அவுகளுக்கு ஒரு கெட்ட பேருன்னா நான் எங்கன போயி நிப்பேன், சொல்லு" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. காலைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவானோ என்னவோ.

ஜக்கம்மா சொன்னாள். பார்க்க வந்த எல்லோரிடமும், அம்மா வீட்டிலிருந்து வந்தவர்களிடமும்கூட, கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாள். முதல் நாள் வாய் குழறியது. பிறகு பழகிவிட்டது. யார் யாரோ எப்படி விழுந்தாய் என்று கேட்க, பாசி என்று சொன்னாள், வாளிக்கயிறு என்று சொன்னாள். பொய் தானாக வளர்ந்தது. வீரணன் கிணற்றுக்குச் செங்கல் வைத்துக் கைப்பிடிச்சுவர் கட்டினான். சாந்து பூசும்போது ஊரார் நின்று பார்த்து, பெண்டாட்டி மேல் எவ்வளவு பிரியம் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால் அந்தச் சுவரை என்ன செய்வது?

பெரியகுளத்தில் வேறொரு டாக்டரிடம் வண்டியில் கூட்டிப்போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்விக்கே மாமியார் கிணற்றைச் சொன்னாள். விழுந்தால் முதுகெலும்பு அடிபட்டிருக்கும். அங்கிருந்து காலுக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கும். சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் நினைத்தது தப்பல்ல. முதுகைத் தட்டிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பலகையில் அசையாமல் படுக்க வேண்டும், காலில் எடை கட்ட வேண்டும் என்றார்.

கட்டிலை எடுத்துவிட்டு மாம்பலகை போட்டார்கள். கணுக்காலில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் செங்கல்லைத் தொங்கவிட்டார்கள். ஜக்கம்மா மல்லாந்து படுத்தாள். கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. பால் வற்றியது. சின்னவனை மாமியார் தூக்கி வளர்த்தாள். அவன் அவளையே ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தான். பெரியவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள்.

அவள் படுத்திருந்த அறைக்கும் கர்ணனின் முன்னறைக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். காலையில் அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்கும். கண்ணாடி ஊசிக்குழல் கொதிநீரில் பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். ஸ்பிரிட் வாடை வரும். பிறகு, "பயப்படாத, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்ற அவர் குரல். ஒவ்வொரு தடவையும் ஜக்கம்மா பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது முனகினால் இவளுக்கு வேர்க்கும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் விரல்களை எடுப்பாள். எழுந்து போக முடியாது. காதை மூடினால் எப்போது முடிந்தது என்று தெரியாது.

முதுகில் அவளுக்கு ஒரு நாளும் வலி இல்லை. வலி இருந்தது வேறிடத்தில். இடது பக்கம், உட்காருகிற எலும்புக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஒரு பாக்கு அளவு இடம். அங்கே அழுத்தினால் கால் முழுக்க விர்ரென்று ஓடும். இதை யாரிடம் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? டாக்டரிடம் இடுப்பு வலிக்கிறது என்றாள். அவர் இடுப்பைத் தொட்டார். இன்னும் கீழே என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பக்கத்தில் புருஷனும் மாமியாரும் நின்றார்கள்.

மாசியில் மாமியார் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி அவள் பாதத்தில் ஒத்தடம் கொடுத்தாள். பிரியமாகத்தான் கொடுத்தாள். ஜக்கம்மாவுக்குச் சூடே தெரியவில்லை. துணியை எடுத்தபோது பாதத்தின் மேல்தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. மாமியார் "அய்யோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் புண் ஆறவில்லை. சீழ் வைத்தது. கர்ணன் கட்டுப் போட மருந்து மட்டும் அம்மாவிடம் கொடுத்தார். கடைசியில் ஒரு நாள், "மதுரைக்குக் கூட்டிப் போ. விட்டா காலு போயிரும்" என்று தம்பியிடம் அவரே சொன்னார்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் ஞானபாக்கியம் என்று ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, சின்னக் கொண்டை. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, "புண்ணு ஆறிடும். காலு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கெணத்து மேட்டுல விழுந்துட்டா" என்றான் வீரணன்.

டாக்டரம்மா ஜக்கம்மாவை எழுப்பி நிறுத்தினார். "இடது கால்ல மட்டும் நில்லும்மா. வலது காலைத் தூக்கு." பல மாதம் படுத்த உடம்பு நடுங்கியது. ஆனால் நின்றாள். டாக்டரம்மா பின்னால் போய் அவள் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் கீழே சரியவில்லை. பிறகு குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கித் தொடையை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினாள். பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னார், கொஞ்சம் அழுத்தினாள். மேலே தூக்கச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை.

"முதுகுல நரம்பு நசுங்கியிருந்தா ஒத்தக்கால்ல இப்படி இடுப்பு சரியாம நிக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "இது முதுகு இல்ல. ஊசி ஏதும் போட்டாங்களா?"

ஜக்கம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா" என்றான்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

அவன் போனான். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அது மிரட்டல் இல்லை, கெஞ்சல். மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து காத்திருந்தார். ஜக்கம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவர் கையைப் பிடித்து, ஒரு விரலை எடுத்து, அந்தப் பாக்கு அளவு இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டரம்மா லேசாக அழுத்தினார். கால் முழுக்க விர்ரென்று ஓடியது. ஜக்கம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் சரியான இடத்தைத் தொட்ட முதல் விரல் அது.

"யாரு போட்டாங்க?"

"அதக் கேக்காதீக."

"சரி, கேக்கல."

அழுது முடிந்ததும் டாக்டரம்மா அவள் கையை எடுத்து அவள் உடம்பிலேயே வைத்துக் காட்டினார். "வெக்கப்படாத, உன் உடம்புதான். இங்க மேல இருக்கு பாரு பெரிய தசை, உக்காந்து எந்திரிக்க, படி ஏற இதுதான். அதுக்கு அடியில, வெளிப்பக்கமா, இன்னும் ரெண்டு தசை. ஒத்தக்கால்ல நின்னப்ப உன்னைப் பிடிச்சு நிறுத்துனது அதுங்கதான். அதுங்களுக்குப் போற நரம்பு மேலயே பிரிஞ்சு போயிடும், உனக்கு அதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நடுவுல, உள்ள, பேரிக்காய் மாதிரி ஒரு சின்னத் தசை குறுக்கே கிடக்கு. அதுக்குக் கீழ இருந்து வெளிய வருது காலுக்குப் போற பெரிய நரம்பு. உன் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். உடம்புலயே பெருசு. ஊசி அதுல பட்டிருக்கு."

"கண்ணுக்குத் தெரியாதுல்லம்மா, உள்ளதான இருக்கு? அவுக எப்படிப் படாமப் போட முடியும்?"

தானே கர்ணனுக்காகப் பேசுவது ஜக்கம்மாவுக்குப் பிறகுதான் உறைத்தது.

டாக்டரம்மா அவள் இடது பக்கத்தின் மேல் விரலால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கூட்டல் குறி போட்டார். "நாலாப் பிரிச்சுக்கணும். மேல, வெளிப்பக்கம் இருக்குற கால்வாசி, இங்க போட்டா தசை மட்டும்தான். மத்த மூணும் வேண்டாம். இதுக்குத் துணிய விலக்கிப் பாக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஜக்கம்மா அந்த வார்த்தையை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முழம் துணி. ஒரு மனிதர் அவளுக்கு மரியாதை கொடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டதால் வந்தது இது.

பலகை வேண்டாம், எடை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பாதம் தொங்காமல் இருக்க வார் வைத்த ஒரு பூட்ஸ் தைத்துக் கொடுத்தார்கள். துணியைப் பாதத்தில் மாட்டித் தினமும் இழுத்துவிட வேண்டும், மரத்த பாதத்தில் சூடு படாமல் பார்க்க வேண்டும். நரம்பு தானாக வளரும். மாதத்துக்கு ஒரு அங்குலம் போனால் பெரிது. பாதம் வரைக்கும் முழுக்க வந்து சேருமா என்று சொல்ல முடியாது.

வத்தலக்குண்டு வழியாகப் போகிற பஸ்ஸில் வீரணன் கேட்டான். "என்ன சொன்ன?"

"எடத்தக் காட்டினேன். பேரச் சொல்லல."

அவன் தலையாட்டினான். பிறகு ஊர் வரும்வரை அவளுடைய பூட்ஸ் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அவன் இறக்கவில்லை.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் நடக்க ஆரம்பித்ததும் மாமியார் வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்கு நேர்ந்ததை முடித்துவிட்டு வந்தாள். அம்மன் கொடுத்த கால் என்று ஊர் சொன்னது. கெடுத்தது கிணறு, கொடுத்தது அம்மன். நடுவில் அந்த முன்னறைக்கு இடமே இல்லை. அடுப்படியில் நின்று ஜக்கம்மா முன்போலவே கொதிக்கிற சத்தத்தையும் அந்த எறும்புப் பேச்சையும் கேட்டாள். இப்போது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது அவளை இன்னும் இறுக்கியது.

அந்த வருஷம் ஆடியில் பக்கத்து வீட்டு மருமகள் செல்வமணி காய்ச்சலோடு தனியாக வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கர்ணன், "இடுப்புலதான் போடணும். நிலையப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி நில்லு" என்றது அடுப்படியில் கேட்டது.

ஜக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பூட்ஸ் தரையில் டக் டக்கென்று அடிக்க முன்னறைக்குப் போனாள். கர்ணன் ஊசியைக் கையில் பிடித்தபடி திரும்பினார். அவள் தலையைக் குனியவில்லை.

"மாமா, நான் சேலைய மறைச்சுப் பிடிச்சுக்கிறேன். எறக்கிப் பாத்துப் போடுங்க. மேல, வெளிப்பக்கம்."

மாமியார் முற்றத்திலிருந்து "ஏய்!" என்றாள். ஜக்கம்மா செல்வமணியிடம் போய், "ஒண்ணும் இல்ல புள்ள, வா" என்று மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். போட வேண்டிய இடம் மட்டும் தெரிந்தது. கர்ணன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அருகில் வந்து, இடது கையால் இடுப்பெலும்பைத் தொட்டு, இடம் பார்த்துப் போட்டார். சரியான இடம். செல்வமணி உஸ் என்றாள், அவ்வளவுதான். எழுந்து நடந்து போனாள். அவள் பாதம் வாசற்படியில் ஏறி இறங்குவதை ஜக்கம்மாவும் கர்ணனும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"மூத்தாரு மூஞ்சிக்கு நேரா நின்னு வாயாடிட்டா" என்று மாமியார் அவள் சமைத்ததைச் சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தாள். அடுத்த பெண் வந்தபோது கர்ணன் அடுப்படிப் பக்கம் பார்த்து, "அந்தத் துண்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அதிலிருந்து துண்டு பிடிப்பது ஜக்கம்மாவின் வேலையானது. விடுதலை மாதிரி இருந்தது கொஞ்ச நாள். பிறகு அதுவும் ஒரு கட்டு என்று தெரிந்தது. அம்மா வீட்டுக்குப் போக முடியாது. பெண்கள் வந்து காத்திருப்பார்கள். அவள் இல்லாத நேரம் அவர் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்ற பயம் தோப்புக்குப் போனாலும் கூடவே வரும். ஊரோ கர்ணனைத்தான் மெச்சியது. கால் விளங்காத தம்பி மனைவிக்குக் கௌரவமாக ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார் என்று. அவள் அதையும் கேட்டுக்கொண்டு துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

காலில் கெண்டைச்சதைக்குப் பலம் திரும்பியது. இரண்டு வருஷம் கழித்துப் பாதம் கொஞ்சம் ஏறியது. கட்டைவிரல் மட்டும் வரவே இல்லை; பாதத்தின் மேல்பக்கமும் மரத்தேதான் இருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சற்றே இழுத்து நடந்தாள்.

எண்பத்து இரண்டில் அரசாங்க நர்ஸம்மா ஒருத்தர் ஊருக்கு வந்தார். கர்ணனுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. ஒரு பங்குனி மாதம் அடுப்பையும் மேஜையையும் எடுத்துவிட்டு முன்னறையில் மாங்காய்க் கூடைகளை அடுக்கச் சொன்னார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டாள். அதனால் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்க ஆளில்லை.

ஜக்கம்மா கூடைகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். அவர் கதவருகே நின்றார். சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தார்.

"வலி இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷத்தில் அந்தக் காலைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அவர் இன்னும் ஏதோ சொல்ல நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் சொல்லட்டும் என்று அவளும் நின்றாள்.

"வலி இல்ல மாமா" என்றாள் கடைசியில். "மரத்துத்தான் கெடக்கு."

அவர் தலையை ஆட்டினார். அவள் குனிந்து அடுத்த கூடையை இழுத்தாள்.